டெனிம் சட்டை: வாங்குவதிலிருந்து உடுத்துவது வரை ஆண்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆசையாக வாங்கிய டெனிம் சட்டையை மூன்று முறை போட்டுவிட்டு அலமாரியில் தொங்கவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரோட்டில் ஆண்கள் ரெடிமேட் கடையில் பத்து வருடம் நின்றவன் நான். திரும்பி வந்து "இது எனக்குச் செட் ஆகலைங்க" என்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். சட்டையை முதலில் வாங்கியிருப்பார்கள், எதோடு போடுவது என்று அப்புறம் யோசித்திருப்பார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். பேன்ட், நிறம், துணியின் கனம், அளவு, முதல் அலசல், டெய்லர், அதற்குப் பிறகுதான் உடுத்துவது. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியில் காசோ சட்டையோ வீணாகும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு இன்ச் டேப், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்று. இவை போதும்.

பழைய சட்டை எதற்கு என்றால், உடம்பை அளப்பதைவிடப் பொருந்தும் சட்டையை அளப்பது சுலபம். அதைக் கட்டிலில் விரித்து, சுருக்கம் நீவி, நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, அக்குளுக்குக் கீழே மார்பின் அகலம், தோள் தையலிலிருந்து கப் (மணிக்கட்டில் பட்டன் போடும் பட்டை) வரை கையின் நீளம், பின்பக்கம் காலருக்குக் கீழிருந்து அடிவரை முழு நீளம். போனில் எழுதி வைத்துக்கொண்டால் கடையில் எம், எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டியதில்லை. ஒரு கம்பெனியின் எல், இன்னொரு கம்பெனியின் எம் அளவில் இருப்பது சர்வ சாதாரணம்.

1. முதலில் பேன்ட்டுகளை வெளியே எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், வாரம் முழுக்க நீங்கள் உண்மையில் போடும் பேன்ட்டுகளை எடுத்துக் கட்டிலில் வரிசையாக வையுங்கள். எப்போதோ வாங்கி இடுப்புப் பற்றாமல் கிடப்பதைச் சேர்க்க வேண்டாம்.

இப்போது நிறங்களைப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலான ஆண்களிடம் இருப்பவை இவை: ஒன்றிரண்டு நீல ஜீன்ஸ், ஒரு கறுப்பு, ஒரு சாம்பல், ஒரு சந்தன நிறம், சிலரிடம் மிலிட்டரி பச்சை. இதில் குறைந்தது மூன்றோடு போகாத டெனிம் சட்டையை வாங்கக் கூடாது. மூன்றோடு போனால் வாரம் ஒரு முறை கை அதைத் தேடிப் போகும். ஒன்றோடு மட்டும் போனால், அந்த ஒரு பேன்ட் துவைக்கக் கிடக்கிற நாளெல்லாம் சட்டையும் சும்மா கிடக்கும்.

ஒரு தம்பி வந்தார். கல்லூரி கடைசி வருடம். "அண்ணே, எங்கிட்ட இருக்கறது நாலுமே நீல ஜீன்ஸ்தானுங்க" என்றார். அவர் கையில் எடுத்து வைத்திருந்த டெனிம் சட்டையும் அதே நீலம். அன்றைக்குச் சட்டையை வைத்துவிட்டு ஒரு சந்தன நிறக் காட்டன் பேன்ட் வாங்கிப் போகச் சொன்னேன். அடுத்த மாதம் வந்து சட்டையை எடுத்துக்கொண்டார். அவருக்கு அதுதான் சரியான வரிசை.

2. நிறத்தை முடிவு செய்யுங்கள்

டெனிம் சட்டையில் நிறைய நீலம் இருந்தாலும், முடிவெடுக்க மூன்றாகப் பிரித்தால் போதும்: கரும் நீலம், நடுத்தர நீலம், வெளிர் நீலம்.

முதல் சட்டைக்கு நடுத்தர நீலம் எடுங்கள். கரும் நீல ஜீன்ஸ், கறுப்பு, சந்தனம், சாம்பல், பச்சை எல்லாவற்றிலிருந்தும் அது விலகித் தெரியும். சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் உடுத்தியது எடுப்பாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் கடையில் சொல்வதில்லை: வியர்வை. வெளிர் நீலத் துணி நனைந்தால் அக்குளிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகக் கறுத்துத் தெரியும். பஸ்ஸில் போய் இறங்குகிறவருக்குச் சித்திரை மாதத்தில் அது பெரிய சங்கடம். கரும் நீலத்தில் வியர்வை தெரியாது, ஆனால் சாயம் அதிகம் ஒட்டும். நடுத்தரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

"நான் கறுப்பாக இருக்கிறேன், வெளிர் நிறம்தான் எடுக்கணும்" என்று தயங்கி நிற்பவர்களை வாரம் ஒருவராவது பார்ப்பேன். மனதார ஒன்று சொல்கிறேன்: கறுப்புத் தோலுக்கு நடுத்தர நீலமும் கரும் நீலமும் மிக நன்றாக இருக்கும். தோல் நிறத்தைப் பார்த்துச் சட்டையை ஒதுக்காதீர்கள். பேன்ட்டின் நிறத்தைப் பாருங்கள்.

வெள்ளைத் திட்டுகள் தெளித்த ஆசிட் வாஷ், தோளில் கிழித்துத் தைத்தவை, பூ வேலை செய்தவை எல்லாம் இரண்டாவது, மூன்றாவது சட்டையாக இருக்கட்டும். ஒரு முறை போட்டால் பார்த்தவர் நினைவில் நிற்கும், அதனால் அடுத்த வாரமே மறுபடி போட முடியாது.

3. உங்கள் ஊருக்கு ஏற்ற கனம்

டெனிமின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள், சில லேபிள்களில் ஜிஎஸ்எம் என்று இருக்கும். ஒரு சதுர கெஜம் துணி எத்தனை அவுன்ஸ் என்பது முதல் கணக்கு, ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது இரண்டாவது. 1 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 34 ஜிஎஸ்எம்.

ஜீன்ஸ் பேன்ட் பெரும்பாலும் 10 முதல் 14 அவுன்ஸ் வரை வரும். சட்டைக்கு அது ஆகாது. சென்னை, மதுரை, திருச்சி, ஈரோடு போன்ற ஊர்களில் 4 முதல் 5 அவுன்ஸ், அதாவது 135 முதல் 170 ஜிஎஸ்எம் வரை போதும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களும், நாள் முழுக்க ஏசியில் உட்காருபவர்களும் 6 முதல் 8 அவுன்ஸ் எடுக்கலாம். அந்தக் கனத்தில் சட்டையைத் திறந்துவிட்டு ஜாக்கெட் மாதிரியும் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் ஏசி ஓடும், அதனால் கனமான சட்டையும் அங்கே சுகமாகத்தான் இருக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். லேபிளில் கனம் எழுதவில்லை என்றால் சட்டையின் முன்பக்க ஒற்றைத் துணியை ஒரு பிடி கசக்கிப் பாருங்கள். கைக்குள் அடங்கினால் வெயிலுக்கு ஆகும். திமிறிக்கொண்டு நின்றால் மலைக்கோ மார்கழிக்கோ வைத்துக்கொள்ளலாம்.

டெனிம் என்றே விற்கப்படும் மெல்லிய சட்டைகளில் பல ஷாம்ப்ரே துணி. தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். டெனிமில் சாய்வுக் கோடுகள் ஓடும். ஷாம்ப்ரேயில் ஊடும் பாவும் (குறுக்கு நூலும் நெடுக்கு நூலும்) ஒன்று விட்டு ஒன்று நேராகப் பின்னியிருக்கும், சாய்வுக் கோடு இராது. கடும் வெயிலில் அலைகிறவர்களுக்கு நானே ஷாம்ப்ரேயை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த வழிகாட்டியில் சொல்லும் சேர்க்கைகள் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

4. கடையில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

முதலில், சட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். டெனிமில் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலச்சாயம், ஊடு நூல் வெள்ளையாகவே இருக்கும். அதனால் வெளியே நீலமும் உள்ளே வெளுப்பும் தெரிய வேண்டும். உள்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்து, வெளியே சாய்வுக் கோடு படமாக அச்சடித்திருந்தால் அது டெனிம் போலப் பிரின்ட் செய்த துணி. போகப் போக டெனிம் அழகாக வெளுக்கும், பிரின்ட் திட்டுத் திட்டாகப் போகும்.

அடுத்து லேபிள். முழுக் காட்டன் நல்லது. அல்லது காட்டனோடு 1, 2 சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் இருந்தால் கையைத் தூக்க இறக்க வசதி. காட்டனோடு லயோசெல் (மரக்கூழிலிருந்து செய்யும் நூல்) கலந்திருந்தால் துணி வழுவழுப்பாக விழும், வெயிலுக்கும் ஆகும். பாலியஸ்டர் பாதிக்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது ஒத்துவராது.

மூன்றாவது, கைக்குட்டை. அதன் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்து, சட்டையின் அடிப்பகுதியில் உள்பக்க மடிப்பில் பத்து முறை தேயுங்கள். லேசாக நீலம் ஒட்டினால் பரவாயில்லை. கைக்குட்டை பட்டென்று கருநீலமானால், அந்தச் சட்டை உங்கள் பனியன், பைக் சீட், வீட்டுச் சோபா என்று எல்லாவற்றிலும் கை வைக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்யுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

5. அளவு: தோளில் தொடங்குங்கள்

போட்டுப் பார்க்கும்போது எல்லோரும் முதலில் வயிற்றைப் பார்ப்பார்கள். நீங்கள் தோளைப் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பின் ஓரத்தில் நிற்க வேண்டும். வயிறு, கை எதுவானாலும் டெய்லர் சரிசெய்துவிடுவார். தோளைப் பிரித்தால் கையையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். டெனிமில் அந்த இடம் இரட்டைத் தையல், பிரித்த தடம் துணியில் அப்படியே நிற்கும்.

தோள் சரி என்றால் எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். நின்றபோது பொருந்திய சட்டை, உட்கார்ந்ததும் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் வாய் பிளந்தால் ஒரு அளவு மேலே போங்கள். மார்பைச் சுற்றி உடம்பைவிட 4 அங்குலம் வரை கூடுதல் இருப்பது சரியான கணக்கு. காட்டன் சட்டையைப் போல டெனிம் உடம்போடு ஒட்டி வளையாது, அதனால் இறுக்கமாக எடுத்தால் மடிப்புகள் குறுக்கே விழும்.

அடுத்தது அடிப்பகுதி. நம் டெய்லர்கள் ஆப்பிள் கட் என்று சொல்லும் வளைந்த அடி கொண்ட சட்டைகள் முன்னும் பின்னும் நீளமாக இருக்கும், டக்-இன் செய்யத் தோதானவை. ஸ்ட்ரெய்ட் கட் வெளியே விடுவதற்கு. முன்பக்க அடி ஜிப்பின் பாதியில் நின்றால் இரண்டுக்கும் ஆகும். ஜிப்பையே முழுவதும் மூடினால், வெளியே விடும்போது ஆள் குட்டையாகத் தெரிவார்.

இதோடு நிறுத்தாமல் சுருக்கத்துக்கும் இடம் விடுங்கள். காட்டன் டெனிம் முதல் ஓரிரு துவைப்பில் 3 சதவீதம் வரை சுருங்கினால் அது இயல்பு. 30 அங்குல நீளத்தில் அது 0.9 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு விரற்கடை. 25 அங்குலக் கையில் முக்கால் அங்குலம். ஆகவே புதிதில் கப் மணிக்கட்டு எலும்பைத் தாண்டி முக்கால் அங்குலமாவது இறங்கி நிற்க வேண்டும்.

6. டெய்லரிடம் போவதற்கு முன் ஒரு முறை அலசுங்கள்

இந்தப் படியைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். நானும் ஒரு முறை தவறவிட்டேன். தங்கை கல்யாண ரிசப்ஷனுக்காக வாங்கிய கரும் நீலச் சட்டை. அன்றைக்கே டெய்லரிடம் கொடுத்துக் கையை மணிக்கட்டுக்கு அளந்து வெட்டினேன். ரிசப்ஷனில் நன்றாகத்தான் இருந்தது. முதல் துவைப்புக்கு அப்புறம் கப் முக்கால் அங்குலம் மேலே ஏறி நின்றது. வெட்டிய துணி திரும்ப வராது. அந்தச் சட்டையை இன்று வரை கையை மடித்துத்தான் போடுகிறேன்.

அலசும் முறை சுலபம். சட்டையைத் திருப்பிப் போட்டு, பட்டன்களை மாட்டி, ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் தனியாக அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் நீலமாகும், பயப்பட வேண்டாம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசி, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் போடுங்கள். சுருக்கம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் இதையே இரண்டு முறை செய்வது நல்லது.

கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும், வினிகர் ஊற்றினால் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். டெனிமின் நீலத்துக்கு இரண்டுமே பலிக்காது. அந்த நீலத்தின் பெயர் இண்டிகோ, அது தண்ணீரில் கரையாத சாயம். நூலுக்குள் முழுதாக ஊறாமல் மேல்சுற்றில் படிந்திருக்கும், நூலின் நடுத்தண்டு வெள்ளையாகவே இருக்கும். உரச உரச மேல்படிவு கழன்று உள்ளேயிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். டெனிம் வெளுப்பதும் துணியில் ஒட்டுவதும் இதனால்தான். உப்பைக் கொண்டு அதைக் கட்டிப்போட முடியாது. கூடுதலாக இருக்கும் சாயத்தை அலசி வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

7. டெய்லரிடம் என்ன சொல்ல வேண்டும்

காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டே போங்கள். கையில் எடுத்துப் போய் "ஒரு இன்ச் பிடிச்சிருங்க" என்று சொன்னால் டெய்லர் எந்த இடத்தில் பிடிப்பார் என்பது அவர் கையில்தான் இருக்கும்.

சைடு பிடிக்கச் சொன்னால், அக்குளில் குறைவாகவும் இடுப்பில் கூடுதலாகவும் பிடிக்கச் சொல்லுங்கள். அக்குளில் இறுக்கினால் பைக் ஓட்டக் கையை நீட்டும்போது முதுகு இழுக்கும். நூலின் நிறத்தையும் சொல்லிவிடுங்கள். பல டெனிம் சட்டைகளில் தையல் நூல் செம்பு நிறத்திலோ மஞ்சளாகவோ இருக்கும். டெய்லர் கையிலிருக்கும் கருநீல நூலில் அடித்துவிட்டால் அந்த ஒரு தையல் மட்டும் தனியாகக் கண்ணில் உறுத்தும்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: அடியை வெட்டிக் குட்டையாக்குவது. டெனிமில் அடி மடிப்பின் விளிம்பு ஏற்கெனவே வெளுத்து ஒரு கோடாக நிற்கும். அதை வெட்டிப் புதிதாக மடித்தால் புது விளிம்பு பளிச்சென்று கருநீலமாக இருக்கும். நீளம் ஒத்துவராத சட்டையைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும்.

8. பேன்ட்டோடு சேர்ப்பது

இனிமேல்தான் உடுத்தும் வேலை. அடிப்படைக் கணக்கு ஒன்று: சட்டைக்கும் பேன்ட்டுக்கும் நடுவில், பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரிகிற வித்தியாசம் வேண்டும். நிறத்தில் இல்லையென்றால் அழுத்தத்திலாவது, அதாவது ஒன்று அடர்ந்தும் இன்னொன்று வெளிறியும் இருப்பதிலாவது வேண்டும். சந்தேகமாக இருந்தால் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சட்டையும் பேன்ட்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அழுத்த வித்தியாசம் போதவில்லை. நிறமும் ஒன்றேயாக இருந்தால் அந்தச் சேர்க்கையை விட்டுவிடுங்கள்.

சந்தன நிறக் காட்டன் பேன்ட்டில் தொடங்குங்கள். நடுத்தர நீலத்தோடு இது தவறவே தவறாது. பிரவுன் பெல்ட், பிரவுன் லெதர் ஷூ, டக்-இன் செய்தால் கெடுபிடி இல்லாத ஆபீஸுக்குப் போதும். அதையே வெளியே விட்டு, கையை மடித்து, லெதர் செருப்பு மாட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும். ஒரே உடை இரண்டு இடத்துக்கு ஆகிறது, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

சாம்பல் நிறப் பேன்ட்டோடு போடும்போது அது ஃபார்மல் துணியாக இருந்தாலும் பளபளப்பு இல்லாததாக இருக்கட்டும். டெனிம் சொரசொரப்பான துணி. பக்கத்தில் மினுமினுக்கும் டெரிகாட்டன் பேன்ட் வந்தால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

கறுப்பு ஜீன்ஸோடு எந்த நீலமும் போகும், மாலை நேரத்துக்கு இன்னும் நன்றாக இருக்கும். மிலிட்டரி பச்சையோடு வெளிர் நீலமோ நடுத்தரமோ போடுங்கள். கரும் நீலத்தோடு போட்டால் மொத்தமும் இருட்டிவிடும்.

நேவி ப்ளூ ஃபார்மல் பேன்ட் இருக்கிறதே, அதைத் தவிர்த்துவிடுங்கள். நடுத்தர நீலச் சட்டையும் நேவி ப்ளூ பேன்ட்டும் நம் ஊரில் பல தொழிற்சாலைகளின் யூனிஃபார்ம். ஷிப்ட் முடிந்து வருகிறீர்களா என்று கேட்பார்கள். யூனிஃபார்ம் போடுவது பெருமைக்குரியதுதான், ஆனால் நீங்கள் அன்று உடுத்த நினைத்தது அதுவாக இராது.

பெல்ட்டும் ஷூவும் பிரவுனாக இருந்தால் டெனிமோடு இயல்பாகப் போகும். பாலிஷ் மின்னும் கறுப்பு ஃபார்மல் ஷூ கறுப்புப் பேன்ட்டோடு மட்டும். வெள்ளை ஸ்னீக்கர் எல்லாவற்றோடும் போகும், அழுக்கில்லாமல் இருந்தால்.

9. ஜீன்ஸோடு போடும்போது

டெனிமுக்கு டெனிம் போடக் கூடாது என்பது தவறான பயம். ஒரே அழுத்தத்தில் இருக்கும் இரண்டு நீலங்களைத்தான் சேர்க்கக் கூடாது. கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் சரியாக ஒன்றில்லை என்னும்போது, பார்ப்பவர் கண் அந்தச் சின்ன வித்தியாசத்திலேயே போய் நிற்கும்.

ஆகவே மேலே வெளிர் நீலம், கீழே கரும் நீலம். நடுத்தரம் மட்டும் இருக்கிறது என்றால் அடர்ந்த கருநீல ஜீன்ஸ். மேலே கருநீலமும் கீழே வெளுத்த ஜீன்ஸும் போடலாம்தான், ஆனால் கால் தடித்துத் தெரியும், உயரமானவர்களுக்குத்தான் எடுக்கும். நடுவில் ஒரு பிரவுன் பெல்ட் தெரியும்படி டக்-இன் செய்தால் இரண்டு நீலமும் பிரிந்து நிற்கும்.

10. வேட்டியோடு போடும்போது

பொங்கலுக்கும் கல்லூரி வேட்டி தினத்துக்கும் வெள்ளை வேட்டியோடு டெனிம் சட்டை போடுவது இளைஞர்களிடம் வழக்கமாகிவிட்டது. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு: சட்டையின் அடிப்பகுதி வேட்டியின் இடுப்பு மடிப்பில் நாள் முழுக்க உரசும். வியர்வையும் சேர்ந்தால் வெள்ளை வேட்டியில் இடுப்பைச் சுற்றி நீல வளையம் விழும்.

குறைந்தது ஐந்தாறு துவைப்பு கண்ட சட்டையைத்தான் வேட்டியோடு போட வேண்டும். போடுவதற்கு முன்னால் அடிப்பகுதியில் கைக்குட்டைச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். கை நீளச் சட்டையை முழங்கைக்குக் கீழே மடித்துவிடுங்கள். வேட்டியின் கரை மெல்லியதாக இருந்தால் நல்லது. அகலமான ஜரிகைக் கரை பட்டுச் சட்டையோடு போகட்டும், டெனிமின் சொரசொரப்போடு அது சேராது.

11. பனியன், பட்டன், கை மடிப்பு

உள்ளே வெள்ளை வட்டக் கழுத்துப் பனியன் போட்டு மேல் பட்டனைத் திறந்துவிட்டால் வெள்ளை வளைவு ஒன்று எட்டிப் பார்க்கும். வி கழுத்துப் பனியன் போடுங்கள். புதுச் சட்டைக்குள் சாம்பல் நிறப் பனியன் போடுவது இன்னும் நல்லது, ஒட்டுகிற நீலம் அதில் தெரியாது.

ஒரு பட்டன் திறந்தால் போதும். பிரஸ் பட்டன் வைத்த சட்டைகளைக் கழற்றும்போது துணியைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் வைத்துப் பிரியுங்கள். இழுத்து இழுத்துப் பட்டனைச் சுற்றித் துணி கிழிந்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி பட்டன் நிற்காது.

கை மடிப்பில் டெனிம் தடித்துப் போகும் என்பதால் சுருட்டிக்கொண்டே போகாதீர்கள். கப் பட்டனைக் கழற்றி, கப்பைத் தலைகீழாகத் திருப்பி, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை ஒரே இழுப்பில் கொண்டு போங்கள். பிறகு கீழே தொங்கும் மடிப்பை மேல்நோக்கி ஒரே ஒரு முறை மடித்து, கப்பின் ஓரம் கொஞ்சம் தெரியும்படி விடுங்கள். மூன்று மடிப்புச் சுருட்டினால் அரை மணியில் அவிழ்ந்து இறங்கும். இந்த மடிப்பு பைக்கில் போனாலும் நிற்கும்.

திறந்த சட்டையாகப் போட்டால் உள்ளே வெள்ளை அல்லது சாம்பல் டி-ஷர்ட், அதில் பெரிய எழுத்தோ படமோ வேண்டாம். டி-ஷர்ட்டின் அடி சட்டையின் அடியைத் தாண்டித் தொங்கக் கூடாது.

12. துவைப்பும் இஸ்திரியும்

நம் ஊர் வெயிலில் ஜீன்ஸ் பேன்ட்டைப் போல மாதக் கணக்கில் துவைக்காமல் இருக்க முடியாது. சட்டை அக்குளைத் தொடுகிற துணி. இரண்டு முறை போட்டால் துவைத்துவிடுங்கள், நன்றாக வியர்த்த நாளென்றால் ஒரே முறையில்.

உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பச்சைத் தண்ணீர், திரவச் சோப்பு, கூட வெள்ளைத் துணி வேண்டாம். பார் சோப்பை நேராகத் தேய்த்தால் அடர்ந்த நீலத்தில் வெள்ளைத் திட்டு நிற்கும், உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் இன்னும் அதிகம். காலரையும் கப்பையும் பிளாஸ்டிக் பிரஷ் வைத்துத் தேய்ப்பவர்கள் அந்த இடம் மட்டும் வெளுத்துப் போனதைப் பார்த்து வருந்துவார்கள். விரலால் தேய்த்தால் போதும். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள்.

மொட்டை மாடி வெயிலில் கொடியில் குறுக்காகப் போட்டால், கொடி பட்ட மடிப்பின் மேல் ஒரு வெளுத்த கோடு விழும். ஹேங்கரில் மாட்டி நிழலில் காய விடுங்கள்.

இஸ்திரிக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள்: கஞ்சி வேண்டாம், உள்பக்கம் திருப்பிப் போடுங்கள், கையில் மடிப்புக் கோடு வேண்டாம். வெளிப்பக்கம் சூடான பெட்டியை அழுத்தினால் தடித்த தையல்கள் பளபளத்து நிற்கும், அது போகாது. கையில் கத்தி மடிப்பு விழுந்தால் நாளடைவில் அந்தக் கோட்டில் சாயம் உரிந்து நிரந்தரக் கோடாகிவிடும். வீட்டில் செய்வதானால் சட்டை லேசாக ஈரமாக இருக்கும்போதே தேயுங்கள். முழுக்கக் காய்ந்த டெனிமோடு பெட்டி மல்லுக்கட்டும்.

13. காலர் நைந்துபோனால்

நன்றாகப் போட்டுப் பழகிய சட்டையில் முதலில் நைவது காலரின் மடிப்பு. சாதாரணச் சட்டையானால் டெய்லரிடம் கொடுத்துக் காலரைத் திருப்பித் தைத்து வாங்கிவிடலாம். டெனிமிலும் அதைச் செய்யலாம், ஆனால் முன்கூட்டியே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இத்தனை நாள் வெயில் படாத காலரின் அடிப்பக்கம் புதுச் சட்டையின் நீலத்தில் இருக்கும். திருப்பித் தைத்தால் வெளுத்த சட்டையில் காலர் மட்டும் கருத்துத் தெரியும்.

அதற்கு வழி உண்டு. திருப்பித் தைக்கக் கொடுக்கும்போதே பாக்கெட்டின் மூடியையும் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். காலரும் இரண்டு பாக்கெட் மூடிகளும் ஒரே கருநீலத்தில் நின்றால் வேண்டுமென்றே அப்படி வைத்துத் தைத்தது போல இருக்கும். என் சட்டை ஒன்றை அப்படித்தான் தைத்து வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.